சேனாதிபதி, சம்பந்தி, ஒரு கத்தரிக்கோல்

என் அன்புக்கும், அதைவிடப் பெரிதான என் நம்பிக்கைக்கும் உரிய மருமகனுக்கு, உன் மாமா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் ஆறு ஸ்பீக்கர்களும் நலம். ஸ்பீக்கர்களில் ஒன்றின் நலம் பற்றி மட்டும் கீழே விவரமாக எழுதுகிறேன். இனி நான் சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று ரிமோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பாதே. நீ நம்பிவிட்டால் இத்தனை வருடமாக நான் கட்டிக் காத்த பெயர் என்ன ஆவது?

"மாமா, என் ஹோம் தியேட்டருக்குப் புது சரவுண்ட் பிராசசர் மாத்தலாம்னு இருக்கேன், உங்க காதுதான் காது, ரெண்டு மூணு ஒப்பிட்டுப் பாத்து எது நல்லதுன்னு சொல்லுங்க" என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அந்த 'உங்க காதுதான் காது' என்ற இடத்தை உன் அத்தைக்கு நான்கு தடவை வாசித்துக் காட்டினேன். ஐந்தாவது தடவை அவள் தையல் மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். அன்று மாலையே எனக்குத் தெரிந்த கடைக்காரரிடம் போனேன். நான் கடைக்குள் நுழைந்ததும் அங்கிருந்த ஸ்பீக்கர்கள் எல்லாம் எழுந்து நின்றன. கடைக்காரர் கண் கலங்கி, "சார், நீங்க கேட்டுச் சொன்னா போதும், ஒரு வாரம் வீட்டுல வச்சுப் பாருங்க" என்று, சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் அந்த பிராசசர் பெட்டிகளில் இரண்டை அவரே சுமந்து வந்து என் வீட்டு முன்னறையில் இறக்கினார். ஒன்று கறுப்பு; எருமைக் கன்று எடை; முகமெல்லாம் பட்டன்; அதற்குச் சேனாதிபதி என்று பெயர் வைத்தேன். இன்னொன்று வெள்ளி நிறம்; ஒல்லி; ஒரே ஒரு பட்டன்; மனதில் என்ன நினைக்கிறது என்று கடைசிவரை தெரியாது; அதனால் அதற்குச் சம்பந்தி என்று பெயர்.

முதலில் என் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுச் சேனாதிபதியை மாட்டி, யுத்தக் காட்சி ஒன்றைப் போட்டேன். பீரங்கி வெடித்ததும் எங்கள் கட்டடம் ஒரு அடி மேலே போய்த் திரும்பி உட்கார்ந்தது. இரண்டாவது நிமிடம் கீழ்வீட்டுப் பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு மூச்சிரைக்க வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் கதவைப் பாதி சாத்தியபடி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவரோ, "ஐயையோ, நிறுத்திடாதீங்க சார்! அரை மணி நேரமா அசையாத கடவாய்ப் பல்லு, ஊசியும் இல்ல, குறடும் இல்ல, தானா வந்து என் உள்ளங்கையில விழுந்துச்சு. நாலு மணிக்கு இன்னொருத்தர் வராரு. அதே பீரங்கியை ஒரு தடவை போடுவீங்களா?" என்றார். போட்டேன். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இந்த இடத்தில்தான் விதி குறுக்கே வந்தது. புதுப் பெட்டிகளோடு குட்டி மைக் ஒன்று தருகிறார்கள். அதை நாம் உட்காரும் நாற்காலியில் வைத்துவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டால், பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 'டுர்ர்ர்' என்று கூப்பிட்டு, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தானே அளந்துகொள்ளும். வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பதுபோல. சேனாதிபதி ஐந்து பேரைக் கூப்பிட்டது, ஐவரும் பதில் சொன்னார்கள். ஆறாவதாக, என் நாற்காலிக்குப் பின்னால் இடது மூலையில் இருப்பவனைக் கூப்பிட்டது. பதில் இல்லை. டிவித் திரையில் 'பின் இடது ஸ்பீக்கர் இல்லை' என்று எழுத்து வந்தது. இல்லையாவது! சுவரில் கண்ணெதிரே தொங்குகிறானே! இது சேனாதிபதியின் திமிர் என்று அதைக் கழற்றிவிட்டுச் சம்பந்தியை மாட்டினேன். சம்பந்தியும் அதையே சொன்னது, கொஞ்சம் மரியாதையாக. ஸ்டூல் போட்டு ஏறி ஸ்பீக்கரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒயர் விரற்கடை நீளத்தில் வெட்டுப்பட்டு நின்றது. சுவரோரமாகப் பெட்டி வரை போகவேண்டிய மீதி ஒயரைக் காணவில்லை.

"இதுல இருந்த ஒயர் எங்கடி?" என்றேன். உன் அத்தை கதவுக்கு வெளியே இருக்கும் குறுகிய நடையிலிருந்து தலையை நீட்டி, "எந்த ஒயரு? ஓ, அதுவா? தச்ச துணியெல்லாம் மாட்ட ஒரு கொடி வேணும்னு நான்தான் வெட்டி எடுத்தேன். அது ஆச்சு ஆறு வருஷம்" என்றாள். நடையில் பார்த்தேன். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே என் ஒயரில் பதினொரு ரவிக்கைகள் வரிசையாக ஊசலாடிக்கொண்டிருந்தன.

மருமகனே, என் நிலையை நினைத்துப் பார். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரையும் அந்த நாற்காலியில் உட்காரவைத்து, 'கண்ணை மூடு, இப்போ குதிரை பின்னாடி இடது மூலையிலேர்ந்து வரும் பாரு, வந்துச்சா?' என்று கேட்டு, அவர்களும் 'வந்துச்சு வந்துச்சு' என்று தலையாட்டி, நீயே ஒரு தடவை 'மாமா, குதிரை மூச்சு என் கழுத்துல படுது' என்று சொல்லி... ஆறு வருடமாக ஒரு குதிரையும் அந்த மூலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லையாம்!

உன் அத்தை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். இடுப்பில் கை வைத்து, "இல்லாத குதிரையை ஆறு வருஷம் கேட்ட காதுக்கு எதுக்குங்க புதுப் பெட்டி? பதினொரு வருஷமா நான் இந்த நடையில, கையை நீட்டினா சுவரு, காலை நீட்டினா கதவுன்னு நின்னு துணி வெட்டறேன். ஆறு ஸ்பீக்கரும் ஒரு நாற்காலியும் அத்தனை பெரிய ரூமை அடைச்சிட்டு உக்காந்திருக்கு. ஒண்ணு பண்ணுவோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. நான் மாத்தி மாத்திப் போடறேன். இது சேனாதிபதி, இது சம்பந்தின்னு பத்துக்கு ஆறு சரியா சொல்லுங்க, எந்தப் பெட்டி வேணுமோ வச்சுக்குங்க. சொல்லலைன்னா என் கட்டிங் டேபிள் இந்த ரூமுக்கு வரும்" என்றாள். "ஆறா? பத்துக்குப் பதினொண்ணு சொல்வேன்" என்றேன். வாய் என்னுடையது, என்ன செய்வது?

ஞாயிறு மூன்று மணி. ரவிக்கைக்கு லைனிங் வெட்டியதில் மிஞ்சிய கறுப்புத் துண்டு ஒன்றால் என் கண்ணைக் கட்டினாள். அவள் கட்டிய இறுக்கத்தில் என் புருவம் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நடுவர் வேண்டுமென்று பல் டாக்டரும் வந்து உட்கார்ந்தார். முதல் சத்தம் வந்தது: காட்டில் மழை. "சேனாதிபதி! துளி ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுது பாருங்க டாக்டர்" என்றேன். "ம்" என்றாள். மறுபடி அதே மழை. "இது சம்பந்தி. மழையில ஒரு நாசூக்கு இருக்கு. இலைக்கு வலிக்காம விழுது." "ம்." இப்படி ஆறு சுற்று. ஆறு 'ம்'. உன் அத்தையின் 'ம்'முக்கு ஏழு அர்த்தம் உண்டு. இது அந்த ஏழிலும் சேராத எட்டாவது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏழாவது சுற்றில் புயல். காற்று ஊளையிட்டது; நடுவே கடகடவென்று ஒரு இடி வலது பக்கம் கிளம்பி, என் முதுகைச் சுற்றி, இடது மூலையில் போய் நின்றது. நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். "சேனாதிபதி! சேனாதிபதியேதான்! இந்த மாதிரி ஒரு இடியை என் வாழ்க்கையில கேட்டதில்ல. தரையே அதிருது!" பல் டாக்டருக்கு ஏனோ மூச்சு வாங்கியது. இடியைக் கண்டு பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது சுற்று. புயல் ஓய்ந்தது. அமைதி. பிறகு பின் இடது மூலையிலிருந்து, 'கரக்... கரக்... கரக்...' கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம். அடடா, அது என்ன துல்லியம்! நான் கை இரண்டையும் மேலே தூக்கிவிட்டேன். "சம்பந்தி! சந்தேகமே இல்ல! படத்துல ஒரு தையல் கடை வருது, அந்தக் கத்தரி என் காதோரமா போகுது. ஏன், துணி வாசனைகூட வருது! எழுதி வச்சுக்குங்க டாக்டர், இந்தப் பெட்டிதான் ஜெயிச்சது!"

"கட்டை அவுத்துட்டுப் பாருங்க" என்றாள்.

அவிழ்த்தேன். டிவி அணைந்திருந்தது. சேனாதிபதியும் சம்பந்தியும் அட்டைப்பெட்டிக்குள் போய், மேலே டேப்பும் ஒட்டியாகிவிட்டது. பின் இடது மூலையில், எட்டடி நீளக் கட்டிங் டேபிள். அதன் மேல் யாருக்கோ பச்சைச் சட்டைத் துணி. அதன் பின்னால் கையில் கத்தரிக்கோலோடு உன் அத்தை. டேபிளின் இன்னொரு முனையைப் பிடித்து இழுத்து வந்து, இடியாக இடித்த நடுவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார், தைக்கக் குடுத்த என் வீட்டுத் திரைச்சீலை மூணு மாசமா அவங்ககிட்டதான் இருக்கு" என்றார். "முதல் ஆறு?" என்றேன். "ஆறும் உங்க பழைய பெட்டிதான். மாத்தவே இல்ல" என்றாள்.

ஆகவே மருமகனே, நீ கேட்ட ஒப்பீட்டின் முடிவு இதுதான்: சேனாதிபதியும் வேண்டாம், சம்பந்தியும் வேண்டாம். உன் பழைய பெட்டியின் பின்பக்கம் போய் ஒயர் எல்லாம் இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பார். இரண்டு பெட்டிகளையும் கடைக்காரரே வந்து எடுத்துப் போனார். என் நாற்காலிக்கு மட்டும் முன்னறையில் இருக்க அனுமதி கிடைத்திருக்கிறது. உன் ஸ்பீக்கர்களும் உன் குடும்பமும் ஒரே தாளத்தில் நூறாண்டு முழங்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
காதும் அறையும் ஒரே நாளில் போன உன் மாமா

பி.கு.: இது உன் அத்தை கடிதத்தைப் படித்து, "சரி, கவரை ஒட்டுங்க" என்று சொன்ன பிறகு எழுதுவது. மேலே உள்ளதில் பல் தானாக விழவில்லை, கட்டடம் மேலே போகவில்லை, கடையில் ஒரு ஸ்பீக்கரும் எழுந்து நிற்கவில்லை, நான் ஏமாறவும் இல்லை. இதையெல்லாம் நீ நம்பியிருக்கமாட்டாய் என்று தெரியும். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். பதினொரு வருடமாக எந்தப் படம் போட்டாலும் அதன் சத்தத்துக்கு அடியில், மூடின கதவுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் அது. முதல் 'கரக்'கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும்தான் சம்பந்தி என்று கத்தினேன். அவளிடம் சொல்லிவிடாதே. இப்போதும் அந்தப் பின் இடது மூலையில் நின்றுதான் வெட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கேயிருந்து சத்தம் வருகிறது என்று இனி நான் சொன்னால், எவன் வந்து இல்லை என்கிறான் பார்க்கலாம்.