இரண்டாவது வெடிக்கு ஒரு நல்ல விசை

பார்க்கிங், லண்டன்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்கட்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் நலம். சட்டனில் நீங்களும் அக்காவும் குளிர் பிடிக்காமல் இருக்க மன்றாடுகிறோம். நிற்க, நேற்றுப் போனில் "உந்தத் துவக்கை வித்துப்போட்டுப் பேசாமல் இரடா" என்றீர்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்தான் நான், ஆனாலும் விக்கமாட்டன்.

கதை இதுதான். துப்பாக்கி சுடுற கிளப்பில நான் சுடுறது சின்னச் செமி-ஓட்டோமற்றிக், லைசென்ஸ் உள்ளது. முதல் வெடி வெடிக்கும், இரண்டாவதுக்கு விசையை அமத்தினால் சத்தமே இல்லை. எங்கட ரீம் கப்டன் றொஜன், "அங்கிள், ஞாயிறு போட்டியிலயும் இப்பிடியெண்டால் ரீமில உங்கட இடம் வெளியில காத்திருக்கிற சுஜீத்துக்கு" எண்டிட்டான். விசையிலதான் பிழையெண்டு முடிவுகட்டி, மாத்துறதுக்கு வேறொண்டு தேடினன், மகளுக்கு மாப்பிள்ளை பாத்த மாதிரி: ஆர் செய்தது, வச்சிருக்கிறவை என்ன சொல்லினம், குளிருக்குள்ள சண்டித்தனம் பண்ணுமோ? சிவப்பு ஒண்டு நல்ல வடிவு, தொட்டாலே வெடிக்குமாம், அவசரக்காரன், வேண்டாமெண்டிட்டன். கறுப்பு கொஞ்சம் இறுக்கம், ஆனால் ஒருத்தரும் குறை எழுதேல்லை. அதையே எடுத்தன். கார் வாங்கினாலும் ஃபாதரிட்டக் கொண்டுபோற ஆக்கள் நாங்கள், விசையையும் சாப்பாட்டுப் பெட்டியில வச்சு மந்திரிக்கக் கொண்டுபோனன்.

"இதென்ன, கிறிஸ்துராஜா?"

"மெசின் சாமான், ஃபாதர்."

பொய்யில்லைத்தானே. அவர் தீர்த்தத்தை அள்ளித் தெளிச்சார். கிளப்பில துவக்குத் திருத்துறவர் அதைப் பூட்டித் தந்தார், நான் சுட்டன், இரண்டாவது வெடி இல்லை. தீர்த்தம் உள்ளுக்குப் போயிட்டுதாக்கும் எண்டு அதே கறுப்பில இன்னொண்டு எடுத்து, மந்திரிக்காமலே பூட்டுவிச்சன். அதுவும் அப்பிடியே. என்ர மனுசி பெர்னடெற் எண்டால், "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மன்னாரில இருந்து ஓடிவந்த மனுசன், இஞ்ச சத்தம் வரேல்லையெண்டு அழுறார்" எண்டு சேர்ச் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறா. சிரிக்கட்டும். மூண்டாவது விசை நாளைக்கு வருது, அது பிழைச்சால் நாலாவது. என்ர இடம் என்ர இடந்தான், அத்தான்.

அக்காவுக்கும் பிள்ளையளுக்கும் எங்கள் அன்பும் செபமும்.

உங்கள் சொல் கேளாத மைத்துனன்,
கிறிஸ்துராஜா

பி.கு: கடிதத்தை ஒட்டுறதுக்கு முந்திக் கிளப்புக்குப் போயிட்டு வந்தன். திருத்துறவர் பழைய விசையையே திருப்பிப் பூட்டித் தானே சுட்டுப் பாத்தார். பத்துக்குப் பத்தும் வெடிச்சுது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் விரலை முன்னுக்கு எடுத்து விசையை விட்டால்தான் அடுத்தது வெடிக்குமாம். நான் பயத்தில அமத்தினபடியே நிக்கிறனாம். பெர்னடெற் கேக்கிறா: "இனி விரலை எங்க ஓடர் பண்ணப் போறியள்?"