அம்மாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று

"'அத்தை, உங்க கைப்பக்குவம் அத்தைக்கு வராது'ன்னு அனுப்பியிருக்கீங்களே, எந்த அத்தைக்கு எந்த அத்தை போட்டி?"

மனைவி போனை நீட்டினாள். கம்ப்யூட்டர்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஊரில் அவனுடைய அம்மா ஒரு தெரு. அவனை எடுத்து வளர்த்த அத்தை அடுத்த தெரு. யாருக்கு முதலில் காலை வணக்கம் வந்தது என்பதில் இருவருக்கும் தீராத போட்டி. அவன் தொழில் மூளையைத் தட்டி ஒரு குட்டி புரோகிராம் எழுதிவிட்டான். அம்மாவுக்கு ஒரு மெசேஜ் தட்டினால் போதும். 'அம்மா' என்று வரும் இடமெல்லாம் 'அத்தை' என்று மாறி, அதே நொடியில் அத்தைக்கும் போய்விடும்.

இன்று அம்மாவுக்குக் கொஞ்சம் ஐஸ் வைத்தான்: "அம்மா, உங்க கைப்பக்குவம் அத்தைக்கு வராது. உடம்பைப் பாத்துக்கோங்க அம்மா."

"அடுத்த மாசம் எனக்குப் பிரசவம். பெத்தவளும் இல்லை எனக்கு. இவங்க ரெண்டு பேரும் வந்தாதான் உண்டு. ஒருத்தர் முறுக்கிக்கிட்டாலும் குழந்தைக்கு நீங்கதான் ஆயா!"

"ரெண்டு நிமிஷம். எல்லா 'அத்தை'யையும் 'அம்மா'வாக்கிடறேன்."

ஒரு வரி சேர்த்தான். திருத்தம் பறந்தது. மனைவி படித்தாள்.

"'அம்மா, உங்க கைப்பக்குவம் அம்மாவுக்கு வராது.' போச்சு! இப்ப வீட்டுல அத்தையே இல்லை."

"முதல் வரி எல்லாரையும் அத்தையாக்கிடுச்சு, அடுத்த வரி எல்லாரையும் அம்மாவாக்கிடுச்சு. நடுவுல ஒரு வார்த்தையை நிறுத்தி வெச்சு மாத்தணும்."

"என்ன வார்த்தை?"

"ஏதோ ஒண்ணு. மெசேஜ்ல எங்கேயும் வராததா இருக்கணும்."

அம்மாவைக் 'கழுதை' ஆக்கினான். அத்தையை அம்மா ஆக்கினான். கழுதையை அத்தை ஆக்கினான். ஆனால் அந்தக் கடைசி வரியில் 'எல்லா இடத்திலும்' என்று சொல்ல மறந்துவிட்டான். கம்ப்யூட்டர் முதல் கழுதையை மட்டும் மாற்றி அத்தைக்கு அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று உட்கார்ந்துகொண்டது.

"அத்தை, உங்க கைப்பக்குவம் அம்மாவுக்கு வராது. உடம்பைப் பாத்துக்கோங்க கழுதை."

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவன் பார்ப்பதற்குள் போன் அடித்தது. அத்தையின் கணவர்.

"மாமா! சத்தியமா நான் எழுதலை, கம்ப்யூட்டர் பண்ணின வேலை. அத்தை கால்ல விழறேன். எங்கம்மா காதுக்கு மட்டும் இது போகாம பாத்துக்கோங்க மாமா!"

"போகாம எங்கடா போகும்? அவங்க மூணு வாரமா இங்கதானே இருக்காங்க, உங்கத்தைதான் பாத்துக்கறா. கால் முறிஞ்சு கட்டுப் போட்டிருக்குன்னு அன்னிக்கே உனக்கு எழுதினாங்களே... மறுநாள் காலைல நீகூட 'தினமும் நல்லா நடங்க அம்மா'ன்னு அனுப்பியிருந்தியேடா!"