தளபதி தொப்பிக்கு ஓர் அணிவகுப்பு

கண்ணாடிப் பெட்டி காலி. தளபதியின் தொப்பியைக் காணோம்!

போர் அருங்காட்சியகத்தில் அன்று குடும்ப நாள். "ஒரு பொருள் தொலைஞ்சாலும் இனிமே குடும்ப நாளே கிடையாது" என்று இயக்குநர் காலையில்தான் விரலை ஆட்டிவிட்டுப் போயிருந்தார். நிகழ்ச்சி அலுவலர் கூடம் முழுக்க ஓடி ஓடித் தேடினாள். இந்த ஒரு நாளுக்காக ஆறு மாதம் நாயாய் உழைத்தவள் அவள்.

திரும்பினால், பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் ஆறு வயதுச் சிறுமி. தலையில் காக்கித் தொப்பி, கண்வரை இறங்கியிருந்தது.

"கண்ணு, அந்தத் தொப்பியக் குடும்மா."

"மாட்டேன். இது என்னோடது!"

"அப்படித்தான் எல்லாப் பிள்ளைங்களும் சொல்லும். மிட்டாய் தரேன்."

"யாரு குடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அம்மாக்காரியோ டீ வரிசையில் கடைசி ஆள்.

குழந்தைகள் விளையாட வைத்திருந்த ஊதுகொம்பை அலுவலர் எடுத்து நீட்டினாள். "சரி, தொப்பிக்குப் பதிலா இந்த ஊதுகொம்ப ஊதிப் பாக்கறியா?"

ஊதினாள் பாருங்கள், கட்டடமே அதிர்ந்தது. ஏதோ விழா என்று கூட்டம் ஓடி வந்தது. சிறப்பு விருந்தினரான கர்னலோடு இயக்குநரும் வந்துவிட்டார்.

"என்னம்மா இது? நிகழ்ச்சி நிரல்லயே இல்லையே!" என்றார் இயக்குநர்.

"தளபதி தொப்பிக்கு... அணிவகுப்பு மரியாதை சார்!" வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பிறகு குனிந்து சிறுமியின் காதில், "தொப்பியப் பெட்டில வெச்சா எல்லாரும் சல்யூட் அடிப்பாங்கடா."

"அப்ப சரி. கொஞ்ச நேரந்தான்!"

காவலாளி விசில் ஊத, அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்ற, சிறுமி லெஃப்ட் ரைட் போட்டு முன்னால் நடந்தாள். அலுவலர் வெள்ளைக் கையுறை மாட்டி, தொப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கர்னல் விறைப்பாக சல்யூட் அடித்தார், கண் கலங்கிவிட்டது.

"கிட்டப் பாத்ததும் உடம்பே சிலிர்க்குதுய்யா!"

கைதட்டலில் கூரை பறந்தது.

"இனிமே மாசா மாசம் குடும்ப நாள்!" என்றார் இயக்குநர். அலுவலர் அரை அடி வளர்ந்துவிட்டாள்.

அப்போது கிடங்குக்காரர் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். "மேடம், தளபதி தொப்பிக்குப் பூச்சி மருந்து அடிச்சாச்சு. சீட்டு எழுதி உங்க மேஜைல வெச்சேனே, பாக்கலையா?"

அவள் வாயைத் திறக்குமுன் யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஆன்ட்டி, சல்யூட் போதும், என் தொப்பியத் தாங்க. நாளைக்கு ஸ்கூல் நாடகத்துல நான்தான் போஸ்ட்மேன்!"