வெள்ளிக்கிழமை வடகம்

குற்றாலிங்கம் ஒரு சபதம் எடுத்தான். இனி வீட்டுல வாயைத் திறக்கிறது சோத்துக்கு மட்டுந்தான்!

காரணம் இருக்கு. சாரல் என்னைக்கு இறங்கும்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க, சர்வகலாசாலைக்காரங்க குற்றாலத்துல பங்களா பிடிச்சு, மிசின் வச்சு ரகசியமா ஒரு ஆராய்ச்சி நடத்துனாங்க. குற்றாலிங்கம் அங்கன கிளார்க்கு. எவனோ மோப்பம் பிடிச்சு மனுப் போட்டுட்டான்: 'பொதுஜனம் கேட்கிறோம். சாரல் தேதியைச் சொல்லவும்.'

எவனோ என்ன எவனோ? ஐந்தருவியில, குளிக்க வாரவங்களுக்கு எண்ணெய் தேய்ச்சுவிடுத கடை வச்சிருக்கிற மச்சினன் பிச்சுமணிதான்! தேதி தெரிஞ்சா முந்திக் கடை திறக்கலாம்லா?

டைரக்டர் கறாராச் சொல்லிட்டார். "பதில் போகணும், விஷயம் போகக்கூடாது. கணக்கு தப்புச்சுன்னா ஊரே சிரிக்கும். வெளிய கசிஞ்சுதோ, உம்மை மழையே பெய்யாத ஊருக்கு மாத்திருவேன்."

குற்றாலிங்கம் எழுதினான்: 'தங்கள் ஆர்வம் பாராட்டத்தக்கது. கேட்ட விவரம் அலுவலக உள்விவகாரம்.'

"பிரமாதம்வே! ஒரு மண்ணும் இல்ல!"ன்னு டைரக்டர் குதிச்சார்.

வீட்டுல பெண்டாட்டி முத்துவடிவு சோறு போட்டா.

"தம்பிக்குப் பதில் வந்துட்டாம் அத்தான். நல்லா எழுதியிருக்கியளாம்."

"என்கிட்ட ஒண்ணும் கேக்காதட்டி."

"நான் எதுக்குக் கேக்கேன்? வெள்ளிக்கிழமை கூழ்வடகம் போடப்போறேன்னு சொல்ல வந்தேன்."

குற்றாலிங்கத்துக்குக் கூழ்வடகம்னா உசுரு. அவ்வளவும் மழையில கரைஞ்சு ஓடுத மாதிரி கண்ணுல தெரிஞ்சுது.

"வெள்ளி வேண்டாம்."

"வியாழன்?"

"ரெண்டு நாள் வெயில் வேணும்லா? வேண்டாம்."

"அப்போ புதன்?"

"தாராளமாப் போடு! ஆனா வியாழன் சாயங்காலம் அள்ளிரு. மாடியில ஒண்ணுகூடக் கிடக்கக்கூடாது!"

"சரி அத்தான்."

சாரல்ங்கிற சொல்லே வாயில வரல. ஜெயிச்சாச்சு! குற்றாலிங்கம் ரெண்டாந்தரம் ரசம் வாங்கிக் குடிச்சான்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. மலைமேல மேகம். சிலுசிலுன்னு சாரல்! டைரக்டர் ஜீப்புல ஏறி, "வாரும்வே, பலிச்சிட்டு!"ன்னு கத்தினார். ஐந்தருவிக்குப் பறந்தாங்க.

கடை பூராப் பலகை போட்டுக் கிடந்தது. ஒண்ணே ஒண்ணு திறந்திருந்தது. பிச்சுமணி கடை! வாசல்ல எண்ணெய் டின்னு மலையாக் குவிஞ்சிருக்கு. ஆளுக வரிசையா உக்காந்து பளபளன்னு மின்னுதாங்க.

டைரக்டர் முகம் கறுத்துட்டு. நேரா பிச்சுமணியைப் பிடிச்சார். "உமக்கு எவன்வே தேதி சொன்னது?"

குற்றாலிங்கத்துக்குச் சாரல்லயும் வேர்த்துது.

"ஆளு யாரும் சொல்லல ஐயா. எங்க அக்கா வீட்டு வடகம் சொல்லிச்சு."

"வடகமா!" டைரக்டர் கண்ணு விரிஞ்சுது. "நம்ம மிசினை விடக் கெட்டியா இருக்கே! கிளார்க்கு, இவரு அக்கா வீடு எது?"

"என்... என் வீடுதான் ஐயா."

"ஓடும்! அந்த வடகத்துல ஒரு கூடை கொண்டாரும். அதை வச்சுதான் இனி ஆராய்ச்சி!"

உத்தியோகம் பொழைச்சுட்டு! குற்றாலிங்கம் நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு ஓடினான்.

"ஏட்டி, வடகத்தை எடு! சீக்கிரம்!"

முத்துவடிவு நிதானமாத் திரும்பிப் பாத்தா.

"வடகமா? தேதிதான் தெரிஞ்சு போச்சே, பெறகு கூழை எவ கிண்டுவா?"