சாம்பலுக்குப் பொருத்தமான சுவர்

எண்ணூர்,
ஞாயிற்றுக்கிழமை

ராயபுரம் பெயிண்ட் கடை தேவப்பிரியம் மாமாவுக்கு,

சாம்பலைக் கொட்டியது அவர்கள். தடயத்தை அழித்தது நீங்கள்.

அத்தையும் ஷிபினும் சுகமா என்று கேட்டு எழுதச் சொன்னாள் அம்மா, எழுதிவிட்டேன். இங்கே அப்பாவின் இருமலைத் தவிர எல்லோரும் சுகம். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, மெசேஜ் அனுப்பினால் நீல டிக் மட்டும் விழுகிறது. அதனால் உங்கள் கடை லோடு ஆட்டோவிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளைச் சுவரைத் துடைத்துத் துடைத்துத் தேய்ந்தவள். நீங்கள் நிறக் கட்டங்கள் போட்ட ஷேடு கார்டோடு வந்து உட்கார்ந்து, "வெள்ளையடிச்சு என்னத்துக்குக்கா துடைச்சுக்கிட்டுக் கெடக்க? வார்ம் கிரே அடி. சாம்பல் விழுந்ததே தெரியாது" என்றீர்கள். நீலம் கலந்த கிரே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், பழுப்பு கலந்ததுதான் வீட்டுக்கு இதம் என்று பாடம் வேறு நடத்தினீர்கள். அம்மா கார்டைச் சோபாவில் வைத்துப் பார்த்தாள், தரையில் வைத்துப் பார்த்தாள், திருப்தியில்லை. கடைசியில் ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் தூவினாள். எந்தக் கட்டத்தில் சாம்பல் காணாமல் போனதோ அதுதான் எங்கள் வீட்டு நிறம் என்றாள். நீங்கள் கைதட்டினீர்கள். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. திரைச்சீலை, மெத்தை உறை, மிதியடி, அப்பாவின் சட்டை என்று எல்லாமே சுவருக்குப் பொருத்தமாக வந்து இறங்கின. எங்கள் வெள்ளைப் பூனை மட்டும் செலவில்லாமல் தானாகவே பொருந்திக்கொண்டது. பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா தங்கபுஷ்பம், வூடு சினிமா வூடு கணக்கா கீது" என்றதும் அம்மா அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை, பிரியாணி வாங்கினோம். நானும் சந்தோஷமாகத்தான் தின்றேன்.

அந்த வாரம் பார்த்துத்தானா மாமா ஆய்வு அதிகாரி வர வேண்டும்? தெருவுக்குப் பின்னால் போகும் அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் ஒழுகுகிறது, ஒழுகியது காய்ந்து பறக்கிறது, பறந்தது எங்கள் நெஞ்சில் படிகிறது, குழாயை மாற்றுங்கள் என்று தெருவே சேர்ந்து மனு போட்டிருந்தோம். எழுதியவள் நான். அதனால் முதலில் நம் வீட்டுக்கே அவரைக் கூட்டிவந்தேன். அவர் சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். எங்கேம்மா சாம்பல் என்று கேட்டார். சுவரில் விரலைத் தேய்த்துப் பாருங்கள் சார் என்றேன். தேய்த்தார். விரலைச் சுவரோடு வைத்துப் பார்த்தார். அச்சு அசல் ஒரே நிறம்.

"பெயிண்ட் உதிருதும்மா. எந்தக் கடையில வாங்குனீங்க?"

அம்மா உங்கள் கடைப் பெயரைச் சொன்னாள். என் தம்பி கடைதான் என்று பெருமையாகச் சேர்த்தும் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். மற்ற வீடுகளையும் பாருங்கள் என்று கெஞ்சினோம், நேரமாகிவிட்டது என்று ஜீப் பக்கம் நடந்தார். வியாகுலம்மாள் குறுக்கே போய் நின்று அப்பாவைக் காட்டினாள்.

"லியோனார்டு இருமிக்கினு கீறாரே, அவரு இன்னா பெயிண்ட்டையா முழுங்குனாரு?"

அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

இப்போது எங்கள் மனுவின் மேல் பெயிண்ட் கோளாறு என்று எழுதி மூடப்போகிறார்கள். குழாய் அப்படியே ஒழுகும், அப்பா அப்படியே இருமுவார். எனக்கு வேண்டியது இரண்டு. முன்சுவருக்கு ஒரு வாளி வெள்ளை. கறுக்கட்டும், ஊரே பார்க்கட்டும். இன்னொன்று, உங்கள் பெயிண்ட் உதிராது என்று கடை முத்திரையோடு ஒரே ஒரு வரி. குழாய்க்காரர்களின் குவார்ட்டர்ஸுக்கும் உங்கள் கடை டப்பாதான் போகிறது என்பது எனக்குத் தெரியும். போனை ஏன் எடுப்பதில்லை என்பதும் தெரியும்.

கர்த்தர் உங்கள் வியாபாரத்தைப் பெருகப் பண்ணுவாராக. அப்பாவின் நுரையீரலுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குவாராக.

அன்புள்ள,
ஷெர்லின்

பின்குறிப்பு: அம்மா படித்துவிட்டாள். வெள்ளை வேண்டவே வேண்டாமாம். வாசல் கேட்டுக்கும் மீட்டர் பெட்டிக்கும் அதே கிரே இன்னும் கொஞ்சம் வேண்டுமாம். வியாகுலம்மாள் வீட்டுக்கும் அதுவேதான். தாய்மாமனிடம் இப்படியா பேசுவது என்று மேலே உள்ளதையெல்லாம் அடிக்கச் சொல்கிறாள். அடித்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் அடிக்க மாட்டேன். உங்கள் பெயிண்ட் உதிருமா, உதிராதா? ஆட்டோக்காரரைக் காத்திருந்து பதில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். சொல்லுங்கள் மாமா.