அத்தை முதலில் இறங்கினாள்

ஒன்றும் தெரியாதவனால் எந்தக் காருக்கும் ஆபத்தில்லை. சுற்றி வந்து பார்ப்பான், தலையைச் சொறிவான், போய்விடுவான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஸ்பானரை எடுப்பான். பத்தொன்பது வயதில் நான் ஸ்பானரும் கையுமாகவே திரிந்தேன். (எங்கள் தீவின் கியூர்பிப் நகரில் ஒரு மோட்டார் பட்டறையில் சில வாரங்கள் வேலை பார்த்திருந்தேன். வேலை, கார் கழுவுவது. இதை ஊரில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.)

அப்பாவுக்கு எங்கள் ஊரான லாங் மவுண்டனில் கொஞ்சம் கரும்பு நிலம். ஒரு நல்ல விளைச்சல் கொடுத்த தைரியத்தில், எஸ்டேட் துரை ஒருவர் ஓட்டிச் சலித்த காரை வாங்கிவிட்டார். துணிக்கூரை போட்ட கார். பின்பக்கம் இடதுபுறம் மட்டும் தாழ்ந்திருந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, எப்போதும் உட்காருகிற இடம் அது. அத்தை நல்ல கனம். ஆனால் அதை அவளிடம் சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் யாரும் சோறு தின்ன முடியாது.

அண்ணனுக்குச் சுயாக்கில் பெண் பார்த்து, நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் பேசிய இடம், நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேராததால் தவறிப் போயிருந்தது. கார் அச்சு முறிந்து வழியில் உட்கார்ந்துவிட்டது. அண்ணன் அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. இந்த இடமும் போனால் சாமியாராகிவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தான். எனவே காரைச் சோதிக்கும் பொறுப்பை நானாகவே ஏற்றேன்.

பின்பக்க மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். வலதுபுறம் அமுங்கி எழுந்தது. இடதுபுறம் அமுங்கியது, எழவில்லை. அந்தக் காலத்துக் காருக்கு ஸ்பிரிங் என்றால் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது. படுத்துப் பார்த்தால், இடதுபக்க அடுக்கில் ஒரு பட்டை விரிசல் விட்டிருந்தது. கியூர்பிப்புக்குப் போய்ப் புதிய ஸ்பிரிங் கேட்டேன். கடைக்காரர், "ஜோடியா மாத்துப்பா, இல்லாட்டி வண்டி சாயும்" என்றார். ரெண்டு விற்கப் பார்க்கிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஒன்றுதான் வாங்கினேன், அதுவும் இருப்பதிலேயே தடித்ததாக. அத்தைக்குத் தாங்க வேண்டுமே!

நிச்சயத்தன்று காலையில்தான் கடைசி நட்டை முறுக்கினேன். எழுந்து பார்க்கிறேன், கார் வலதுபுறம் சாய்ந்து நிற்கிறது. சரி, கழற்றி விடலாம் என்று ஜாக்கியை எடுப்பதற்குள் அத்தையும் அம்மாவும் சீர்த் தட்டுகளோடு ஏறிவிட்டார்கள்.

"அத்தே, கொஞ்சம் இறங்குங்க. ஸ்பிரிங்கு சரியில்ல."

"ராகு காலம் பொறக்கப் போவுதுடா. ஏறியாச்சுன்னா பொறப்பட்டாச்சு. பொறப்பட்டவ எறங்குவாளா? போந்தியே, கடவுளே! இவன் அண்ணனுக்குக் கல்யாணமே ஆவக் கூடாதுன்னு பாக்குறான்!"

அப்பாவும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கரும்புத் தோட்டங்களில் குவித்து வைத்திருக்கும் கருங்கற்களில் சிலவற்றைக் கொண்டுவந்து, அத்தையின் கால்மாட்டில் அடுக்கினேன். கார் மெல்ல நிமிர்ந்தது. (நான் விஞ்ஞானி ஆகியிருக்க வேண்டியவன்.)

"பொண்ணு வீட்டுக்குப் போறமா, கல்லு விக்கப் போறமா?" என்றாள் அத்தை. வழியில் கியூர்பிப் மழையில் துணிக்கூரை ஒழுகியபோதும் இதையே திரும்பக் கேட்டாள்.

சுயாக் எல்லையில் அப்பா, ஓட்டிக்கொண்டிருந்த என்னிடம் காரை நிறுத்தச் சொன்னார். கல்லோடு சம்பந்தி வாசலில் போய் நிற்க முடியாது என்றார். எல்லாவற்றையும் எடுத்துச் சாலையோரம் போட்டேன். இப்போது காரைக் கொஞ்சமாவது நேராக நிறுத்தி வைத்திருந்தது அத்தை ஒருத்திதான்.

பெண் வீட்டு வாசலில் எல்லாரும் திரண்டு நின்றார்கள். நான் திரும்பி, ரகசியமாகச் சொன்னேன்: "அத்தே, நீங்க கடைசியா இறங்குங்க."

அதைவிட என் நாக்கை அறுத்துக்கொண்டிருக்கலாம்.

"கடைசியாவா? குடும்பத்துக்கே மூத்தவ நான், கடைசியாவா?"

மஞ்சள் குங்குமத் தட்டை ஏந்திக்கொண்டு, வலது காலை முன்னே வைத்து, ஒரே மூச்சில் குதித்தாள். இடதுபுறம் விருட்டென்று எழும்பியது. சீட்டிலிருந்த தட்டெல்லாம் அம்மாவை நோக்கிச் சரிந்தன, அம்மா கதவை நோக்கிச் சரிந்தாள், கதவு திறந்துகொண்டது. மறுகணம் அம்மா, வெற்றிலைத் தட்டு மடியில் அப்படியே இருக்க, சம்பந்தி வீட்டுப் புல்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தேங்காய்கள் உருண்டுபோய்ப் பெண்ணின் அப்பா காலடியில் நின்றன. வாழைப்பழச் சீப்பு ஒன்று என் தலையில்.

வீட்டில் காத்திருக்கும் அண்ணனின் முகம் எனக்குக் கண்ணில் வந்தது. அழுகையும் வந்தது.

பெண்ணின் அப்பா ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார்.

"இவருதான் மாப்பிள்ளையா?"

"இல்லீங்க, இது சின்னவன்" என்றார் அப்பா, அவசரமாக.

"மாப்பிள்ளையும் கார் ரிப்பேரு பண்ணுவாரா?"

"ஐயய்யோ! அவன் கார் பக்கமே போவமாட்டானுங்க."

பெண்ணின் அப்பாவுக்கு முகம் தெளிந்தது. "அப்ப உள்ள வாங்க, தட்டு மாத்திக்கலாம்" என்றார். உள்ளே ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு அடக்க முடியாமல் வெடித்தது. இன்றைக்கும் என் அண்ணி அப்படித்தான் சிரிக்கிறாள்.

ஸ்பிரிங்குக்கு எங்கள் தீவின் கிரியோல் மொழியில் ரெசோர் என்று பெயர். அன்று முதல் எனக்கும் அதுவே பெயர். சில ஆண்டுகள் கழித்து எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பியபோது, வீட்டார் காரைத் தொடவே இல்லை. ரயிலில் போனார்கள். ரயில் நின்றதும் அப்பா எழுந்து, கையை நீட்டி வழியை மறித்துக்கொண்டு, "எல்லாரும் இறங்கட்டும்" என்றாராம். அந்த ரயிலிலிருந்து அத்தை கடைசியாகத்தான் இறங்கினாள்.