ஞாயிற்றுக்கிழமை வண்டி

ஞாயிற்றுக்கிழமையை மீட்டே தீருவது என்று முடிவு செய்தேன். வெள்ளைக்காரன் போன பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இவ்வளவு பெரிய விடுதலைத் தீர்மானம் வேறு யாரும் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

வாரத்தில் ஆறு நாள் நான் செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியின் சொத்து. ஏழாம் நாள் ஓய்வெடுக்கச் சொல்லிக் கடவுளே கட்டளை போட்டிருக்கிறார். அந்தக் கட்டளை என் மனைவி இன்னாசிமேரிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. பூசை முடிந்து வந்தால் கறிக்கடை, மாவு மில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, ஒட்டடை, மேரியின் சித்தி வீட்டு சிலிண்டர். திங்கட்கிழமை வேலைக்குப் போனால்தான் எனக்கு உட்காரவே நாற்காலி கிடைக்கும்.

இந்த நிலையில்தான் ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி ஒன்றை வாங்கினோம். என்னோடு ஒரே ஷிஃப்ட்டில் இருக்கும் சார்லஸ் அன்றைக்கே ஒரு சிடி கொண்டு வந்து போட்டான். அதில் வெளிநாட்டுக்காரர்கள் நம்முடையதைப் போன்ற வண்டிகளைச் சேற்றிலும் மணலிலும் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பக்கத்திலும் மனைவி இல்லை. அதை நான் மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

“மச்சான், நம்ம சாமியார்பேட்டை சவுக்குத் தோப்பு மணலே போதும். வண்டிய கொஞ்சம் ஒசத்திட்டா ஞாயித்துக்கிழமைல நாம ராஜா” என்றான் சார்லஸ்.

வண்டியை உயர்த்துவதில் எனக்கு இன்னொரு லாபமும் தெரிந்தது. போதுமான அளவுக்கு உயர்த்திவிட்டால் புடவை கட்டிய யாரும் அதில் ஏற முடியாது. மாவு மில்லுக்கும் சிலிண்டருக்கும் வேறு வண்டிதான் பார்க்க வேண்டும். இதை சார்லஸிடம்கூட நான் சொல்லவில்லை.

மேரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை தப்பு என்றால் வழியையும் கேட்பவள். அதனால் தகுந்த தயாரிப்போடு போனேன்.

“மேரி, இந்த வண்டிய கொஞ்சம் ஒசத்தணும்.”

“எதுக்கு?”

“போன வருசம் நிஷா புயல்ல பாத்தியே, தெருவெல்லாம் தண்ணி. குடும்பப் பாதுகாப்புன்னு ஒன்னு இருக்குல்ல.”

“சரி, ஒசத்துங்க.”

வாதங்கள் அத்தனையும் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

“டயரும் மாத்தணும். சேத்துல வழுக்காத டயரா.”

“மாத்துங்க.”

“ஸ்பிரிங்கும் கெட்டியா போடணும்.”

“போடுங்க. இதெல்லாம் போட்டுட்டு சும்மா வாசல்ல நிறுத்திடுவீங்களா?”

“நிறுத்துவனா? ஞாயித்துக்கிழமைல ஓட்டணும். ஓட்டுனாதான் வண்டி கைக்குப் பழகும்.”

“எப்பவாச்சும் ஒரு ஞாயிறா?”

“வாரா வாரம். தவறாம.”

“அப்பறம் பேச்சு மாறக்கூடாது.”

“லூர்துநாதன் பேச்சு மாறுனான்னு சரித்திரமே இல்ல” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு விடைத்தாள் திருத்தப் போனாள். இருபது வருஷ வாழ்க்கையில் அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் சரி சொன்னதில்லை. நான் பயந்திருக்க வேண்டும். நான் பாட்டுப் பாடினேன்.

சிதம்பரத்தில் மெக்கானிக் தில்லைநாதனின் ஷெட்டில் வண்டியை விட்டேன். வாங்கப் போன அன்று வண்டி கம்பீரமாக எழுந்து நின்றது. முன்சக்கரம் என் இடுப்பை விசாரித்தது. ஆனால் இரண்டு பக்கமும் அகலமான படிகள், உள்ளே வரிசையாகக் கைப்பிடிகள்.

“இதெல்லாம் நான் சொல்லலியே” என்றேன்.

“அக்கா போன் பண்ணாங்க சார். வயசானவங்க ஏறுனாலும் கால் எட்டணும்னாங்க” என்றார் தில்லைநாதன்.

வயசானவங்க என்றால் நான்தான் என்று எடுத்துக்கொண்டேன். கட்டிய புருஷன் மேல் அவளுக்கு இருந்த அக்கறை என்னை நெகிழ வைத்தது. படி போட்டதால் புடவைத் திட்டம் பாழாய்ப் போனதுகூட ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது.

நல்ல ஐப்பசி மழை. முதல் ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே சார்லஸ் தொப்பியோடு வந்துவிட்டான். வண்டியைக் கிளப்பினால், பின்சீட்டில் மேரி உட்கார்ந்திருந்தாள்.

“நீ எங்க வர்ற? மணல்ல தூக்கிப் போடும்.”

“மணல்ல என்னா இருக்கு? நல்ல சேத்துப் பாதை ஒன்னு எனக்குத் தெரியும். நடுவுல ஓடை வேற இருக்கு.”

“ஓடையா?” என்று சார்லஸ் உருகிப் போனான். “அக்கா சொல்ற எடத்துக்கே போலாம் மச்சான்.”

முட்லூர் தாண்டி ஒரு வாய்க்கால் கரையில் இறங்கச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் பூமியில் இல்லை. சேறு இரண்டு பக்கமும் கதவு உயரத்துக்கு அடித்தது. வண்டி சறுக்கியது, திமிறியது, நிமிர்ந்தது. சார்லஸ் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். மேரி மட்டும் பஸ்ஸில் போகிறவள் மாதிரி அமைதியாக வழி சொன்னாள்.

“புளியமரத்துக்கிட்ட லெப்ட்டு. இப்ப ஓடையில எறக்குங்க. முட்டிக்கால் தண்ணிதான், பயப்படாதீங்க. நடுவுல கல்லு இருக்கு, வலது பக்கமா ஒதுங்குங்க.”

ஓடைக்குள் கல் எங்கே கிடக்கிறது என்பது ஒரு கணக்கு டீச்சருக்கு எப்படித் தெரியும் என்று நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கரையேறி வண்டியை நிறுத்தினேன். எதிரே வேப்பமரத்தடியில் வயதான பெண்கள் ஏழெட்டுப் பேர், துவைத்த புடவையும் கையில் ஜெபமாலையுமாக நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றது என் மாமியார் ரத்தினம்மாள்.

அது ஓடைமேடு. மேரி பிறந்த ஊர். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை, கோடையில், வயல் பக்கமாக டிராக்டரில் வந்திருக்கிறேன். அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் ‘கார் போற ரோடு இல்லையே’ என்று சொல்லித் தப்பித்து வந்தேன். மேரி பஸ்ஸில் வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போவாள்.

“வாங்க மாப்ள” என்றார் மாமியார். “பூசைக்கு நேரமாவுது. நாங்க ஏறிக்கறோம்.”

நான் மேரியைப் பார்த்தேன்.

“மழைக்காலம் முழுக்க இவுங்க இந்தச் சேத்துல நடந்துதான் மெயின் ரோட்டுக் கோயிலுக்கு வராங்க. போன மாசம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு புடிச்சிக்கிச்சு. ரோடு வர்ற வரைக்கும் ஞாயித்துக்கிழமைல நம்ம வண்டி வரும்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேக்காமயா?”

“கேட்டனே. வாரா வாரம், தவறாமன்னீங்க.”

சார்லஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

என் மாமியாரின் காலைப் பார்த்தேன். வாசலிலிருந்து மரத்தடி வருவதற்குள் கணுக்கால் வரை சேறு. இத்தனை வருஷமாக நான் ரோடு இல்லை என்று சொல்லிவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்ட நாட்களில் இந்தக் கால் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நிஜமாகவே எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அவர்கள் எல்லாரும் ஏறி முடிக்கும் வரை நீடித்தது. கடைசி ஆளுக்கு இடம் இல்லாமல் சார்லஸ் இறங்கி நடந்தான்.

ஓடையைத் தாண்டும்போது மாமியார் சொன்னார்: “தப்பா நெனச்சிக்காதீங்க மாப்ள. மாட்டுவண்டி இவ்ளோ குலுக்காது.”

அடுத்த வாரம் சார்லஸுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் அவன் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. நான் மட்டும் தவறவில்லை. வண்டி வருகிற செய்தி பரவி, பக்கத்துக் கொல்லைகளில் குடியிருப்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு நடை அடித்தேன். பூசை முடிந்து திரும்பவும் இரண்டு நடை. கறிக்கடையும் மாவு மில்லும் ஞாயிறு மாலைக்கு மாறினவே தவிர, ரத்தாகவில்லை.

ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே யோசித்தேன். நேர்ச்சை எதுவரைக்கும்? ரோடு வரும்வரைக்கும். ரோடு வந்துவிட்டால்? நான் விடுதலை. எனக்கே என் மூளையைக் கண்டு பெருமையாக இருந்தது. மறுநாளே லீவு போட்டுவிட்டு மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக ஏற ஆரம்பித்தேன். எல்லாரும் மரியாதையாக வாங்கி, மரியாதையாக மேஜையில் வைத்தார்கள். அதற்கு மேல் அது நகரவில்லை.

“பேப்பர்ல சேறு தெரியாதுங்க” என்றாள் மேரி, கீரை ஆய்ந்துகொண்டே. “நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்களேன்.”

ரோடு பார்க்கும் அதிகாரியைக் கெஞ்சி, ஒரு ஞாயிறு பூசை முடிந்து திரும்பும் நடையில் கூட்டிப் போனேன். பெரிய வண்டி என்றதும் சந்தோஷமாகத்தான் ஏறினார். கெட்டி ஸ்பிரிங் தன் வேலையைக் காட்டியது. வாய்க்கால் கரையில் அவர் தலை கூரையில் முட்டியது. புளியமரத்துக்கிட்ட மறுபடியும் முட்டியது. ஓடை நடுவே அந்தக் கல்லுக்கு நான் ஒதுங்க மறந்துவிட்டேன், அல்லது மறந்ததாகச் சொல்லிக்கொண்டேன். பின்சீட்டில் ரத்தினம்மாள் கோஷ்டி அவருக்காகச் சத்தமாக ஜெபமாலை சொன்னது. திரும்பும்போது மனுஷன் நடந்தே வருகிறேன் என்றார். நடந்து வந்ததில் செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று.

தவக்காலம் தொடங்குமுன் ஓடைமேட்டுக்குத் தார் ரோடும், ஓடையின் மேல் ஒரு குழாய்ப் பாலமும் வந்துவிட்டன. ஷேர் ஆட்டோ வாசல் வரை போனது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்தச் சனிக்கிழமை மாலை சார்லஸுக்குப் போன் போட்டு, நாளைக்கு மணல் என்றேன். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மேரி முன்னால் போய் நின்றேன்.

“ரோடு யாரால வந்துச்சு, சொல்லு.”

“உங்களாலதான். எங்கப்பா காலத்துலேந்து எழுதிப் போட்டாங்க, யாரும் திரும்பிப் பாக்கல. நடக்கறவங்க கஷ்டத்துக்கு ரோடு வராது, வண்டி வச்சிருக்கற ஆம்பள ஒருத்தர் கஷ்டப்பட்டாதான் வரும்னு நெனச்சேன். சரியா போச்சு.”

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

“அதனாலதான் ஒசத்தச் சொன்னியா?”

“நான் எங்க சொன்னேன்? நீங்கதான் கேட்டீங்க. ஒசத்தலன்னா மொத வாரமே ஓடையில நின்னுருக்கும். நீங்களும் அதோட உட்டுருப்பீங்க.”

“எப்பிடியோ, நேர்ச்சை முடிஞ்சிது. இனிமே ஞாயித்துக்கிழமை என்னோடது.”

“உங்களோடதுதான். யாரு இல்லன்னா?” என்று அவள் காபியை என் கையில் கொடுத்தாள். “எங்க ஸ்கூல் வெண்மதி டீச்சர் ஒரே அழுகை. ஸ்ரீமுஷ்ணம் தாண்டி ஏரிக்கரையில அவுங்க அம்மா ஊரு, அங்கயும் ரோடு இல்லியாம். நாளைக்குக் காலையில நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டேன்.”

நான் காபியைக் கீழே வைத்தேன்.

“சேறு நல்லா இருக்குமாம்” என்றாள்.